தாத்தா வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் டியூஷன் நடக்கிறது. ஃபீஸ் கிடையாது. வருகிறவர்களில் பாதிப்பேர் காசிமேட்டில் மீன் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். போன வாரம் டிவி செய்தியைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, "அக்கா, பாலஸ்தீனத்துல பசங்கள யாரு படிக்க வைப்பாங்க?" என்று கேட்டாள்.

ஜெருசலேமைச் சேர்ந்த பாலஸ்தீனப் பெண் ஹிந்த் அல்-ஹுசைனியைப் பற்றிச் சொன்னேன். 1948 ஏப்ரலில் ஜெருசலேம் பக்கத்தில் டெய்ர் யாசின் என்ற பாலஸ்தீன கிராமத்தில் படுகொலை. பெற்றோரை இழந்த 55 பிள்ளைகள் ஜெருசலேம் பழைய நகரத் தெருவில் நின்றதை அவர் பார்க்கிறார். கையில் இருந்தது 138 பாலஸ்தீன பவுண்டு. முதலில் வாடகைக்கு இரண்டு அறை. அப்புறம் ஜெருசலேமிலேயே ஷேக் ஜர்ரா பகுதியில் தன் தாத்தா கட்டிய மாளிகையையே பிள்ளைகளுக்கு விட்டுவிட்டார். அனாதை இல்லமும் பள்ளியுமாக வளர்ந்த அந்த இடம்தான் தார் அல்-திஃப்ல் அல்-அரபி. 1994-ல் சாகும்வரை அதுதான் அவருக்கு வாழ்க்கை. மாசாமாசம் சாக்பீஸ், கரண்ட் பில் என்று முழி பிதுங்கும் எனக்கு, மாளிகையைக் கொடுத்ததைவிட இத்தனை வருஷம் நடத்தியதுதான் மலைப்பு.

எல்லாம் கேட்டுவிட்டு, "அவங்க சித்தப்பா, பெரியப்பாலாம் சண்டைக்கு வரலையா அக்கா?" என்றாள். அவள் வீட்டில் ஒண்டிக்குடித்தன ரூமுக்கே மூன்று வருஷமாகக் கேஸ் நடக்கிறது, வேறென்ன கேட்பாள்!