கண்ணாடிக் கலை படிக்கிறீர்களா? முதலில் நிழலை வரையுங்கள்

என் முதல் ஜூரியில், அதாவது செய்த படைப்பை மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்கும் தேர்வில், வந்த முதல் கேள்வியே "இதோட நிழல் எங்கே?" என்பதுதான். மூன்று மாதம் உழைத்துச் செய்த வார்ப்புக் கண்ணாடி அது, வெள்ளை மேடையில் டியூப்லைட்டுகளுக்குக் கீழே வைத்திருந்தேன், எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் விழுந்ததால் சுவரில் ஒன்றுமே இல்லை. பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு கண்ணாடித் துண்டை ஜன்னலோரம் வைத்து, பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, மணிக்கு ஒருமுறை நிழலைப் பென்சிலால் வரைந்தேன். தெளிந்த கண்ணாடிக்கும் நிழல் உண்டு: வளைந்த ஓரங்கள் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் அங்கே கருங்கோடு விழும், திருப்பிய ஒளி பக்கத்திலேயே ஒரு வெள்ளைக் கீற்றாகக் குவியும். தாளைத் தள்ளி வைத்தால் கோடு மங்கும். சூரியன் நமக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகல வட்டமாகத் தெரிவதுதான் காரணம், 3 மீட்டர் தள்ளினால் நிழலின் ஓரம் கிட்டத்தட்ட 3 செ.மீ. அகலத்துக்குக் கலங்கிவிடும். அதனால் படைப்புக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் வடிவத்தோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

எழுத்துத் தேர்வில் பெயரும் ஆண்டும் மட்டும் எழுதினால் போதாது, ஒளி அங்கே என்ன செய்கிறது என்று ஒரு வரியாவது வேண்டும். செக் நாட்டுக் கண்ணாடிச் சிற்பிகளான லிபென்ஸ்கி, பிரிக்டோவா இணையரைப் பற்றி எழுதினால், ஒரே நிறக் கண்ணாடியில் மெலிந்த இடம் வெளிறியும் தடித்த இடம் இருண்டும் தெரிவதை வைத்தே உருவத்தைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதுங்கள். அமெரிக்கக் கலைஞர் டான் கிரஹாம் பாதி பிரதிபலிக்கும் கண்ணாடியால் அமைத்த மண்டபங்களில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் கண்ணாடி முகம்பார்க்கும் கண்ணாடியாகிவிடும், வானம் மாற மாற உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்று இடம் மாறிக்கொள்வார்கள். ஜெர்மனியின் கொலோன் தேவாலயத்தில் 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த ஜன்னலில் 72 நிறங்களில் 11,263 சதுரங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அந்த நிறங்கள் உள்ளே கல்தரையில் விழுவதையும் சேர்த்து எழுதினால்தான் கட்டட வெளியைப் பற்றிய பதிலாகும்.

செய்முறையில் ஒரே எச்சரிக்கை, அனீலிங்கில், அதாவது வார்த்த கண்ணாடியைச் சூளையில் மெல்ல மெல்ல ஆறவைப்பதில், அவசரம் கூடாது. தடிமன் இரண்டு மடங்கானால் ஆறவைக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நான் அதை இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டுச் சூளையைத் திறந்தேன். கையில் எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் காலை மேஜைமேல் குறுக்கே பிளந்து கிடந்தது. தேர்வுக்குப் பத்து நாள்தான் பாக்கி. இரண்டாவது வார்ப்புக்கு நேரம் ஒதுக்காமல் அட்டவணை போடாதீர்கள்.

ஜூரிக்கு முந்தின நாளே, உங்களுக்குக் கொடுத்திருக்கும் அதே மணிநேரத்தில் அந்த அறைக்குப் போங்கள். டியூப்லைட்டை அணைக்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். ஒற்றை எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கொண்டுபோய், நிழல் நன்றாக விழும் இடம் கிடைக்கும்வரை நகர்த்தி, விளக்கு நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள்.