பிடிக்க ஆளில்லாத கபடி

கொரோனா ஊரடங்கில் எந்த விளையாட்டுக்காரரின் உடம்பு அதிகம் தளர்ந்தது என்று கேட்டால், குழு ஆட்டம் ஆடுகிறவர்கள்தான் என்பேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக நான் பார்த்தது அது. நெடுந்தூரம் ஓடுகிற பையன் விடியற்காலையில் ஏரிக்கரையில் தனியாக ஓடிக்கொள்வான். கபடி ஆடுகிற பெண் என்ன செய்வாள்? முப்பது விநாடி பாடிப் போக எதிரில் ஏழு பேர் வேண்டும். பிடித்துப் பழக ஒரு கால் வேண்டும். தொட்டாலே தொற்று என்று பயந்த நாளில், தொடுவதே ஆட்டமாகக் கொண்ட பிள்ளைகள் அவர்கள்.

2020 மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டின் ஒரே பச்சை மண்டலம், அதாவது தொற்று இல்லாத பகுதி, எங்கள் மாவட்டம். ஆனாலும் மார்ச் மாதமே மைதானம் பூட்டியாயிற்று. வாட்ஸ்அப்பில் உடற்பயிற்சி வீடியோக்கள் அனுப்பினேன். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா கையிலோ அண்ணன் கையிலோ. பார்த்தவர்கள் சிலர், செய்தவர்கள் அதிலும் சிலர்.

அதற்காகப் பிள்ளைகள் சும்மா படுத்துக் கிடக்கவில்லை. மாங்காய்க் காலம் வந்ததும் பலர் தோப்புக்குப் போனார்கள், கூடை சுமந்தார்கள். "எங்க மேடம் சும்மா இருக்கா, பொழுதுக்கும் வேலைதான்" என்றார் ஒரு தாய். உண்மைதான். ஆனால் சுமக்கிற வேலை வேறு, பாய்ந்து திரும்பி உதறி ஓடுகிற வேலை வேறு. தசை வலு சில வாரம் தாக்குப்பிடிக்கும். மூச்சுத் திறன் பயிற்சி நின்ற நான்கு வாரத்துக்குள்ளேயே இறங்கத் தொடங்கிவிடும். கூடை சுமந்து அது திரும்பாது.

ஊரடங்கைத் தளர்த்தியதும் பையன்கள் வறண்ட ஏரியில் கிரிக்கெட் ஆடினார்கள். பெண் பிள்ளைகள் வரவில்லை. ஒருத்தியின் அப்பாவிடம், காலையில் கொஞ்ச நேரம் ஓடவாவது விடுங்கள் என்றேன். "டீமோட போனா சரி மேடம். இவ மட்டும் தனியா ஓடினா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார். எனக்கு அன்றுதான் உறைத்தது. "எல்லாரும் போறாங்கப்பா" என்று சொல்லித்தான் இந்தப் பிள்ளைகள் வாசலைத் தாண்டி வந்திருக்கிறார்கள். அணி கலைந்ததும் ஆட்டத்தோடு அந்த அனுமதியும் போய்விட்டது. குழு விளையாட்டுக்காரர்களின் உடலுழைப்பு குறைந்தது என்று பேசும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

பள்ளி திறந்தும் அணி சேரவில்லை. 2021 ஜனவரியில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் மட்டும். ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரியில். மார்ச்சில் பன்னிரண்டைத் தவிர மற்ற வகுப்புகளுக்குத் திரும்பவும் மூடல். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒன்றாக வந்தது செப்டம்பர் 1 அன்றுதான். எங்கள் அணியோ நான்கு வகுப்பும் கலந்தது. நல்ல ரைடர், அதாவது பாடிப் போகிறவள், ஒருத்தி வரவே இல்லை. கல்யாணம் செய்து அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் வயதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

வந்தவர்களை உடனே போட்டிக்குத் தயார் செய்யச் சொன்னார்கள். மறுத்தேன். ஜெர்மனியின் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகா 2020 மே 16 அன்று மீண்டும் தொடங்கியபோது, ஓய்ந்திருந்த உடம்புகளுக்காக மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்த விதியே திருத்தப்பட்டிருந்தது. மருத்துவரும் பிசியோவும் கூடவே இருக்கிற ஆட்டக்காரர்களுக்கே அந்தக் கரிசனம் என்றால், மண் தரையில் வெறுங்காலோடு ஆடும் என் பிள்ளைகளுக்கு? முதலில் நடை, மெதுவோட்டம், கயிறு தாண்டுதல். பிறகு திரும்பி ஓடுவது. பிடி கடைசியில்தான். கணுக்கால் பிசகல் இரண்டொன்று வந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போது கோடை விடுமுறைக்கு முன் அணியை ஊர்வாரியாகப் பிரித்துவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் ஒரு குழு. பெற்றோரிடம் நானே போய்ப் பேசுகிறேன், தனியாக அனுப்பச் சொல்லவில்லை, சேர்த்து அனுப்புங்கள் என்று. பெரும்பாலும் சரி என்கிறார்கள்.