டால்காட் மலையும் புகையிலைக் கொட்டகையும்

ஒரு ஜனவரி மாதம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வந்து இறங்கினேன். கணவருக்கு ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் குடியிருப்பிலேயே பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் ஊர் எனக்குப் பிடிபடவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் பிறந்தவள் நான். திண்டுக்கல்லுக்குள் எந்தத் தெருவில் விட்டாலும் மலைக்கோட்டை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத் திசை சொல்லிவிடுவேன். இங்கே ஜிபிஎஸ் திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பினோம், அவ்வளவுதான். கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியாமலே மூன்று மாதம் ஓடிவிட்டது.

மாடி வீட்டு அக்கா கோயம்புத்தூர்க்காரர். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறார். "வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காத கண்ணு. பக்கத்து ஊரு சிம்ஸ்பரில, டால்காட் மலை மேல ஒரு வெள்ளைக் கோபுரம் இருக்குது, ரெண்டு பேரும் ஏறிட்டு வாங்க" என்றார். அவான் ரோட்டில் போகும்போது அந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன். ஏதோ பழைய தேவாலயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் முதல் தடவை போனோம். பாதையெல்லாம் பனி உருகிய சேறு. கோபுரம் பூட்டிக் கிடந்தது. மே கடைசியில்தான் திறப்பார்களாம், அக்டோபர் முடியும்வரை இருக்குமாம். அதனால் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மறுபடி கிளம்பினோம்.

கிளம்பும்போது அக்கா ஒன்றை மட்டும் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். "சாக்ஸை பேண்ட்டுக்கு மேல இழுத்து விட்டுக்கோ. வந்ததும் காலு, கழுத்து, காதுக்குப் பின்னாடி எல்லாம் பாரு. உண்ணி." எங்கள் வீட்டு எருமைக்கு உண்ணி பிடுங்கிப் போட்டவள்தான் நான். மனிதருக்கும் உண்ணியா என்று கேட்டேன். உண்ணி கடித்து வருவதை லைம் நோய் என்று உலகம் சொல்கிறதே, அந்தப் பெயர் இதே கனெக்டிகட்டின் தென்கரையில் இருக்கும் லைம், ஓல்டு லைம் என்ற ஊர்களிலிருந்து வந்தது. 1975 வாக்கில் அங்கே பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. அதைத் துருவிப் பார்க்கப்போய்த்தான் இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியவந்தது. மான் உண்ணி என்பார்கள். அதன் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். புதிதாக வருகிற நம் மக்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோபுரத்துக்கு ஏறும் பாதைக்கு டவர் டிரெயில் என்று பெயர், ஒன்றேகால் மைல். முதல் பகுதிதான் ஏற்றம், நெஞ்சு அடைக்கும். அன்று இலை உதிர்ந்து பாதையை மூடியிருந்தது. அதற்கு அடியில் ஓக் மரத்துக் கொட்டைகள், உருண்டை உருண்டையாக, கோலிக்குண்டு மாதிரி. காலை வைத்தேன், கொட்டை உருண்டது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கால் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து ஏறும் விதத்தைச் செய்து காட்டினார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களை முந்திக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

ஏற்றம் முடிந்ததும் மலை முதுகின்மேல் பாதை சமமாகிறது. மேற்குப் பக்கம் மரங்கள் விலகி, பாறை விளிம்பு. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை, சுமார் 20 கோடி வருடத்துக்கு முந்தியது. கீழே ஃபார்மிங்டன் ஆறு. தெற்கு நோக்கி வந்த ஆறு, இந்த மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் ஃபார்மிங்டன் ஊரில் வடக்கே திரும்பி, மலையின் ஓரமாகவே ஓடி, டாரிஃப்வில் என்ற இடத்தில் மலையை அறுத்துக்கொண்டு கிழக்கே வெளியேறுகிறது. வின்ட்சரில் போய்க் கனெக்டிகட் ஆற்றில் சேர்கிறது. அங்கே நின்று கையை நீட்டி, இது வடக்கு, இது மேற்கு என்று கணவரிடம் சொன்னேன். வந்ததிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.

கோபுரம் 165 அடி. 1914-ல் கட்டியது. கட்டியவர் கில்பர்ட் ஹியூப்லைன். ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தவர். ஹோட்டலும் மது வியாபாரமும் பண்ணிப் பெரிய ஆளானார். கல்யாணத்துக்கு முன்னால் லூயிஸ் என்ற பெண்ணோடு இந்த மலையில் நடந்தபோது, "உனக்கு இங்கே ஒரு கோட்டை கட்டித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்தாராம். இதற்கு முன்பும் இந்த மலைத்தொடரில் கோபுரங்கள் இருந்திருக்கின்றன. முதல் கோபுரத்தை 1810-ல் டேனியல் வாட்ஸ்வொர்த் என்பவர் கட்டினார். ஹியூப்லைன் மட்டும் காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று இரும்பும் கான்கிரீட்டும் வைத்துப் பாறையோடு பிணைத்துக் கட்டினார். பிற்பாடு ஒரு பத்திரிகை நிறுவனத்தின் கைக்குப் போய், 1960-களில் மாநில அரசு வாங்கிப் பூங்காவாக்கியது.

உச்சி அறையில் சுற்றிலும் ஜன்னல். கிழக்கே ஹார்ட்ஃபோர்டின் உயரக் கட்டடங்கள் தீப்பெட்டி மாதிரி. கணவர் தன் ஆபீஸைத் தேடிக்கொண்டிருந்தார். நான் மேற்கே பார்த்தபடி நின்றேன். சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள், நடுவே ஆற்றோரம் சதுரம் சதுரமாக உழுத நிலம். என்ன விளையும் என்று அங்கிருந்த வழிகாட்டியிடம் கேட்டேன். "டொபாக்கோ" என்றார். இப்போது குறைந்துவிட்டதாம், முன்பெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அதுதானாம்.

எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புகையிலைதான். எங்கள் இலை வாயில் போட்டு மெல்லுகிற இலை. இங்கே விளைவது சுருட்டின் மேல் சுற்றுகிற இலை. 1900-ஐ ஒட்டி சுமத்ரா விதையைக் கொண்டுவந்து, வெயில் நேராகப் படாமல் துணிப்பந்தல் போட்டு வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இலை எடுக்க ஆள் பற்றாமல் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மாணவர்களைக் கோடை விடுமுறையில் கூட்டி வந்திருக்கிறார்கள். 1944-ல் அப்படிச் சிம்ஸ்பரிக்கு வந்த ஒரு பதினைந்து வயதுப் பையன்தான் மார்ட்டின் லூதர் கிங். 1947-லும் வந்தார். ஹார்ட்ஃபோர்டின் நல்ல உணவகம் ஒன்றில் எல்லோரையும் போல உட்கார்ந்து சாப்பிட்டதை ஆச்சரியமாக வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் வேலை பார்த்த மெடோவுட் என்ற நிலத்தில் வீடுகள் கட்டிவிடாமல் காப்பாற்ற 2021-ல் சிம்ஸ்பரி மக்கள் வாக்களித்தார்கள். இதையெல்லாம் கேட்ட பிறகு நேராக வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை.

மலையிலிருந்து இறங்கி, காரை அந்தப் பக்கம் விட்டோம். ரோட்டோரம் நீள நீளமாகப் பழைய மரக் கொட்டகைகள், பலகை வெளுத்துப்போய். சுவர்ப் பலகைகளில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கதவு மாதிரி திறக்கலாம். காரை ஓரங்கட்டி, அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் ராத்திரி ஒன்பது மணி, கட்டிலில் சாய்ந்திருந்தார். போனைக் கொட்டகைப் பக்கம் திருப்பினேன். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"காத்து போறதுக்குப் பலகையத் திறந்து விட்டுருக்கான் பாப்பா. இது புகையிலைக் கொட்டகையில்ல?"

"ஆமாப்பா."

"உள்ள எத்தன அடுக்கு கட்டித் தொங்கவிட்டுருக்கான்னு தெரியுதா? இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டு."

வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, போன் பிடித்த கையை நீட்டிக் காட்டினேன்.