அப்பா தீவில் குடும்பம் நடத்துகிறோம்

என் முகவரியில் டோக்கியோ என்றுதான் இருக்கும். ஆனால் நகரத்தின் தாகெஷிபா துறையில் கப்பலேறி, தெற்கே ஆயிரம் கிலோமீட்டர், 24 மணி நேரம் வந்தால்தான் எங்கள் வீடு. ஒகசவாரா தீவுகள் டோக்கியோ நிர்வாகத்தைச் சேர்ந்தவை. விமான நிலையம் கிடையாது. கப்பல் பெரும்பாலும் ஆறு நாளுக்கு ஒருமுறைதான், அதனால் கிழமையை யாரும் பார்ப்பதில்லை, கப்பல் நாளைத்தான் பார்க்கிறோம். கப்பல் வந்த மாலை கடையில் கூட்டம் நெரியும், அடுத்தது வருவதற்கு முந்தின நாள் காய்கறித் தட்டு காலி, நடுவில் புயல் வந்துவிட்டால் இன்னும் கஷ்டம். தக்காளியும் கொத்தமல்லியும் இல்லாமல் ரசம் வைக்க முதல் மாதமே பழகிவிட்டேன்.

இந்த ஊர் மனசில் ஒட்டியது தீவுகளின் பெயர்களால். நாங்கள் இருக்கும் சிசிஜிமா என்றால் அப்பா தீவு, சுமார் 2000 பேர். தெற்கே 50 கிலோமீட்டரில் ஹஹஜிமா, அம்மா தீவு. அப்புறம் அனிஜிமா அண்ணன், ஒதோதோஜிமா தம்பி, அனேஜிமா அக்கா, இமோதோஜிமா தங்கை, முகோஜிமா மாப்பிள்ளை. கல்யாணத் தரகருக்கும் ஒரு தீவு உண்டு! நம்மைப் போலவே இவர்களுக்கும் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போனில் சொன்னபோது ஒரு தடவையிலேயே வரிசை பிடிபட்டுவிட்டது.

ஆளே இல்லாமல் கிடந்த தீவுகள் இவை. 1830இல் நதானியேல் சேவரி என்ற அமெரிக்கரும் சில ஐரோப்பியரும் ஹவாயிலிருந்து பசிபிக் தீவு மக்களோடு வந்து குடியேறினார்கள். 1876இல் இவை ஜப்பானுடையவை என்று உறுதியானது. 1944இல், போர் நெருங்கியதும், 6886 பேரைக் கப்பலேற்றி ஜப்பானின் பெரிய தீவுகளுக்கு அனுப்பினார்கள். போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படை 1946இல் திரும்பிவர விட்டது பழைய குடியேறிகளின் வழிவந்தவர்களை மட்டும்தான். மற்றவர்கள் 1968 ஜூன் 26இல் தீவுகள் ஜப்பானிடம் திரும்பும்வரை காத்திருந்தார்கள். ஒரே தெருவில் வாழ்ந்தவர்களை வம்சம் பார்த்துப் பிரித்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. அதுவரை ஆங்கிலத்தில் படித்துவந்த தீவுப் பிள்ளைகள் பிறகு திடீரென்று ஜப்பானியத்துக்கு மாற வேண்டியிருந்தது, அதுவும் ஒரு பாடுதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி 1944இல் கைக்குழந்தை. திரும்பி வரும்போது இருபது வயதைத் தாண்டிவிட்டதாம்.

இங்கே பிரசவம் பார்க்க வசதி இல்லை, நாள் நெருங்குமுன்பே கிளம்பிவிட வேண்டும். நான் கப்பலேறிய அன்று வழக்கம்போல படகுகள் பக்கத்திலேயே ஓடிவந்தன, கடைசியில் ஒவ்வொருவராகக் கடலில் குதித்துக் கையசைத்தார்கள். இங்கே கப்பலேறுகிறவரிடம் 'சயோனாரா' சொல்ல மாட்டார்கள். 'இத்தெராஷ்ஷாய்', அதாவது போயிட்டு வாங்க. நம் வீட்டிலும் 'போறேன்' என்றால் அம்மா திட்டுவார், 'வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மேல்தளத்தில் நின்று நானும் தமிழிலேயே 'வரேன்' என்று கத்தினேன்.

மூன்று மாதம் கழித்து மகளோடு இறங்கியபோது துறையில் பாட்டி நின்றிருந்தார். என்னைத் தாண்டி, தீவை அதுவரை பார்த்தேயிராத குழந்தையின் முகத்தருகே குனிந்து 'ஒகாஎரி' என்றார். வந்துட்டியா என்று அர்த்தம்.