உறைக்கு முன்னால் பெல்ட்: தோல் வேலை நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

நாடகக்குழு நண்பர் ஒருவர் துப்பாக்கி உறை கேட்டிருக்கிறார். பழைய காலத்து நாடகம், இடுப்பில் ரிவால்வர் தொங்க வேண்டுமாம். துப்பாக்கி பொம்மைதான், ரெசினில் வார்த்தது. ஆனால் உள்ளே ஈயம் வைத்து, எடை நிஜம் மாதிரியே இருக்கிறது. "உறை மட்டும் போதும், பெல்ட் என்கிட்ட இருக்கு" என்றார்.

அந்த பெல்ட்டை வாங்கிப் பார்த்தேன். அலுவலகத்துக்குப் போட்டுப் போகிற வகை. மெல்லிய தோல் இரண்டுக்கு நடுவில் அட்டை மாதிரி எதையோ வைத்து ஒட்டியிருக்கிறது. கனமான பொருளை இதில் மாட்டினால் பெல்ட் முறுக்கிக்கொண்டு வெளியே சாயும், உறையின் வாய் உடம்பை விட்டு விலகும், துப்பாக்கியை உருவினால் பெல்ட்டும் கூடவே மேலே வரும். பார்ப்பவர்கள் "உறை சரியில்லை" என்பார்கள். தோல் வேலை செய்பவர்களிலேயே பலர் உறைக்கு உயிரைக் கொடுத்துவிட்டு பெல்ட்டை ஒரு வார்தானே என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெல்ட்டும் நானே செய்கிறேன், அதுவும் முதலில் என்று சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. சரி, பரவாயில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தோல் தேர்வு.

குரோம் தோல் இந்த வேலைக்கு ஆகாது. குரோமிய உப்பில் பதனிடும் முறைக்கு அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உலகத்துத் தோலில் பெரும்பகுதி அந்த வழியில்தான் பதனாகிறது. சீக்கிரம் முடியும், மிருதுவாக இருக்கும், பைக்கும் மேலங்கிக்கும் அருமை. ஆனால் நனைத்து ஒரு வடிவத்தில் அழுத்தினால், காய்ந்ததும் பழையபடி தொளதொளத்துவிடும். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தான டானினில் வாரக்கணக்கில் ஊறிய தோல்தான் கொடுத்த வடிவத்தில் விறைத்து நிற்கும். விளிம்பைத் தேய்த்தால் பளபளப்பதும் அதுதான்.

தடிமனை இன்னும் அவுன்ஸில்தான் சொல்கிறார்கள். ஓர் அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.4 மி.மீ. உறைக்கும் பெல்ட்டின் வெளிப்பக்கத்துக்கும் 8 அவுன்ஸ், பெல்ட்டின் உள்பக்கத்துக்கு 5 அவுன்ஸ் என்று முடிவு செய்தேன். இரண்டும் சேர்ந்தால் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே.

பெல்ட்டை முதுகெலும்பை ஒட்டி, நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதியில் நார் தளர்வு. அங்கே வெட்டிய பெல்ட் நாளாக நாளாக நீண்டுகொண்டே போகும். அந்த மிச்சத்தில் சாவிக்கொத்து செய்துகொள்ளலாம்.

ஜூன் 14, சனி

கால்சட்டை அளவை வைத்து பெல்ட் வெட்டக் கூடாது. அவர் தினமும் போடும் பெல்ட்டில், பக்கிள் மடிப்பிலிருந்து அவர் வழக்கமாக மாட்டும் துளை வரை அளந்தேன். ஆனால் இது மேடையில் உடைக்கு மேலே கட்டுவது, அதனால் அந்த உடையைப் போடச் சொல்லி நாடா வைத்து மறுபடி அளந்தேன். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம். அந்த அளவில் நடுத்துளை, இரண்டு பக்கமும் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு துளை.

அகலம் 45 மி.மீ. வார் வெட்டும் மரக்கருவியில் அளவை இறுக்கிவிட்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். முதல் விளிம்பு நேராக இருந்தால்தான் இது சரியாக வரும். அந்த ஒரு விளிம்புக்கு இரும்புச் சட்டத்தை வைத்துப் பொறுமையாகக் கத்தியால் கீறுவதே வழி.

நண்பர் தோளின் குறுக்கே ஒரு வாரும் வேண்டுமா என்று கேட்டார். அது சாம் பிரௌன் பெல்ட். 1858-இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடது கையை இழந்த சாம் பிரௌன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரில் வந்தது. வாள் உறையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை, அதனால் வலது தோளிலிருந்து குறுக்கே ஒரு வார் வந்து எடையைத் தாங்கியது. பெல்ட்டைச் சரியாகச் செய்தால் ஒரு ரிவால்வருக்கு அது தேவையில்லை என்று மறுத்துவிட்டேன். ஆனால் அவர் பெயரிலேயே இருக்கும் குமிழ் ஆணி எனக்கு வேண்டும். உறையின் மேல்வாரைப் பூட்ட அதைவிட எளிய வழி கிடையாது.

ஜூன் 15, ஞாயிறு

கறுப்பு நிறம். சாயம் பூசினால் உடையில் ஒட்டும், வெளிர் நிறச் சட்டையானால் கதை முடிந்தது. அதனால் இரும்பும் வினிகரும். எஃகுக் கம்பளியை, அதாவது மெல்லிய எஃகு இழைச் சுருளை, வினிகரில் ஊறப்போட்டுச் சில நாளாகிறது. வடிகட்டிய நீரைத் தடவியதும் தோல் முதலில் சாம்பல் நிறமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கிறது. இரும்பும் தோலில் உள்ள டானினும் சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு இது. பழைய காலத்து இரும்பு மையும் இதே வேதியியல்தான். நிறம் தோலுக்குள்ளேயே பிறப்பதால் துணியில் ஒட்டாது.

ஈரத் தோல்மேல் ஆணியோ கத்தரியோ கிடந்தால் கருநீலப் புள்ளி விழுவதும் இதனால்தான். புள்ளிக்கு எலுமிச்சைச் சாறு தேய்த்தால் மங்கும்.

கறுத்த பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, அலசி, நிழலில் உலர்த்தினேன். பெல்ட் வார்களுக்கும் உறைக்கு ஒதுக்கிய தோலுக்கும் ஒரே நாளில் இதை முடித்துவிட்டேன். நாள் மாறினால் பெல்ட் ஒரு கறுப்பு, உறை ஒரு கறுப்பு.

ஜூன் 19, வியாழன்

வேலை நாள். இரவில் உறைக்கான மாதிரி வடிவத்தை மட்டும் அட்டையில் வெட்டினேன்.

ஜூன் 21, சனி

பெல்ட்டின் இரண்டு அடுக்கையும் ஒட்டினேன். மேசைமேல் நேராகப் போட்டு ஒட்டக் கூடாது. இடுப்பைச் சுற்றி வளையும்போது வெளித்தோல் போகும் சுற்று பெரியது, உள்தோலின் சுற்று சிறியது. இந்தத் தடிமனுக்கு ஒரு முழு வட்டத்தில் சுமார் 16 மி.மீ. வித்தியாசம். நேராக ஒட்டினால் அந்த 16 மி.மீ. உள்பக்கச் சுருக்கமாக வந்து நிற்கும். அதனால் வெளித்தோலை வளைத்துப் பிடித்தபடியே, உள்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட்டேன். உள்தோலை முதலிலேயே நீளமாக வெட்டி, மிஞ்சியதைக் கடைசியில் நறுக்குவது வசதி. பக்கிள் மடியும் இடத்தில் உள்தோல் கிடையாது, வெளித்தோலையும் அங்கே பாதியாகச் சீவிவிட்டேன்.

அப்புறம் தையல். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்திருக்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் நழுவத் தொடங்கும். கைத்தையலில் ஒன்று அறுந்தாலும் மற்ற நூல் அதே துளையில் நிற்கும். தையல் நீளத்துக்கு நான்கு மடங்கு நூல் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே நூலில் தைக்க நினைத்தால் சிக்கெடுப்பதே வேலையாகிவிடும், துண்டு துண்டாகத்தான். வலது ஊசி முதலில் என்றால் கடைசி வரை வலது ஊசியே முதலில். அங்கேதான் தையல் ஒரே சாய்வாக விழும் ரகசியம் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

விளிம்பு. இரண்டு பக்க முனையையும் செதுக்கி, மணல்தாளில் தேய்த்து, ஈரம் தொட்டு மரக்கட்டையால் சூடேறும்வரை தேய்த்து, கடைசியில் தேன்மெழுகு. எழுத ஒரு வரி, செய்ய ஒரு பகல். இரண்டு அடுக்கு என்று கண்ணுக்குத் தெரியாதபோது நிறுத்தினேன்.

ஜூன் 28, சனி

ஒருவழியாக உறை. பின்பக்கம் பெல்ட் நுழையும் வாரைத் தைத்த பிறகே சுற்றுத்தையல். மாற்றிச் செய்தால் கை உள்ளே போகாது. அந்த வாரை என் பெல்ட்டுக்கு இறுக்கமாகவே அளந்தேன். இங்கே தளர்வு இருந்தால் நடக்கும்போது உறை ஆடும், இவ்வளவு கனமான பெல்ட் செய்ததும் வீண். பொம்மைத் துப்பாக்கியானாலும் விசையும் அதன் காப்பு வளையமும் முழுசாக உறைக்குள் மறைய வேண்டும். அந்தப் பழக்கத்தை விட எனக்கு மனமில்லை.

தைத்து முடித்து வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்தேன். துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே நுழைத்து, விரலாலும் எலும்புக் கருவியாலும் அழுத்திச் சுழல் உருளையின் மேடு, காப்பு வளையத்தின் பள்ளம் எல்லாம் வெளியே தெரியும்படி செய்தேன். நகம் மட்டும் படக் கூடாது, அந்தக் கோடு போகவே போகாது. பிறகு துப்பாக்கியை மெதுவாக உருவிவிட்டு, காற்றில் காய வைத்தேன். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஈரமான பட்டைப் பதன் தோல் 75 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே சுருங்கிவிடும். குரோம் தோல்தான் கொதிநீரைத் தாங்கும்.

ஜூலை 5, சனி

உறைக்கு எண்ணெய் மேலோட்டமாக ஒரு கை, அவ்வளவுதான். அதிகம் குடித்தால் விறைப்பு போய்விடும். பெல்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக.

நண்பர் வந்து கட்டிப் பார்த்தார். மேல்வாரைப் பூட்டாமல் உறையைத் தலைகீழாகப் பிடித்தேன், துப்பாக்கி விழவில்லை. ஒரு கையால் உருவினார், பெல்ட் அசையவில்லை. இன்னொரு கையின் உதவியில்லாமல் திரும்பச் செருகவும் முடிந்தது, வாய் மூடிக்கொள்ளவில்லை. உறையைத் தடவித் தடவிப் பாராட்டினார். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

வில்லனுக்கும் ஒன்று வேண்டுமாம். அவர் இடதுகைக்காரர். அட்டை மாதிரியைத் திருப்பிப் போட்டு வெட்டினால் போதும், தோலின் வழவழப்பான மேல்முகம் வெளியே வருகிறதா என்று மட்டும் வெட்டுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். உடையைப் போட்டு அளவெடுக்க நாளை வருகிறார்.