என் தோளில் தொங்கிய குடும்பப் பை

பயணத்துக்காகப் பை தைக்கப் போகிறேன் என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? ஆளுக்கொரு பாக்கெட் கேட்பார்கள்.

நான் நினைத்திருந்தது சின்னப் பை. தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அளவு ஒன்றுதான், 12.5 சென்டிமீட்டருக்கு 8.8. அதைக் கணக்கில் வைத்துக் காகிதத்தில் 22க்கு 16 என்று ஒரு கட்டம் போட்டேன். தையலுக்கு நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டாயிற்று. மேலே ஒரு ஜிப், உள்ளே ஒரு பாக்கெட். ஒரு சாயங்கால வேலை.

கணவர் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"பாஸ்போர்ட் எங்க வைப்ப?"

"உள்ளதான்."

"ஜிப்பைத் திறந்தாலே தெரியுமே! முதுகுப் பக்கம், உடம்போட ஒட்டுற மாதிரி ஒரு ரகசிய பாக்கெட் வை."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். குறுக்கே மாட்டும் பையில் பின்பக்கம் எப்போதும் நம் உடம்பின் மேல்தான் கிடக்கும். நமக்குத் தெரியாமல் அங்கே யாரும் கை வைக்க முடியாது. சரி என்று வரைந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "எல்லார் பாஸ்போர்ட்டையும் அதுலயே வச்சிடலாம்" என்றார். நாலு பாஸ்போர்ட் போன பிறகு அந்த ரகசியம் முதுகுப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

அடுத்து மகள். "பவர் பேங்குக்கு ஒரு பாக்கெட் வேணும்மா. அதுல கேபிள் வெளிய வர்ற மாதிரி ஒரு ஓட்டை."

"உன் பையில வச்சுக்கோயேன்."

"செக்-இன் பெட்டில போடக் கூடாதும்மா. கூடவேதான் எடுத்துட்டுப் போகணும்."

"கூட எடுத்துட்டுப் போற பையும் உனக்கு ஒண்ணு இருக்கே?"

"அது ஃபுல்."

பயணத்துக்கு இன்னும் பெட்டியே எடுத்து வைக்காத நிலையில் அவளுடைய பை மட்டும் எப்படி நிரம்பியது என்று நான் கேட்கவில்லை.

அத்தை எதுவும் கேட்பவர் இல்லை. "எனக்குன்னு ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் ஆரம்பித்தார். "கண்ணாடிக் கூடு போற மாதிரி இடம் இருந்தா போதும். மாத்திரை டப்பா அது பாட்டுக்குப் பக்கத்துல கிடக்கும்." கண்ணாடிக் கூட்டை வாங்கி அளந்தேன். என் பையின் உயரமும் அதன் நீளமும் ஒன்று. ரப்பரை எடுத்துக் கட்டத்தை அழித்துவிட்டு 28க்கு 22 என்று வரைந்தேன்.

துணி விஷயத்தில் யாரையும் கேட்கவில்லை. மகளின் சின்னதாகிப்போன ஜீன்ஸ் ஒன்று கிடந்தது. பை தைக்க அதைவிட நல்ல துணி தேட வேண்டியதில்லை என்பது என் கட்சி. துவைத்துத் துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், புதிதாகச் சாயமும் போகாது. லைனிங்குக்கு மட்டும் வெளிர் நிறம்தான் போட வேண்டும். கறுப்பு லைனிங் போட்ட பைக்குள் கறுப்பு போனைத் தேடியவர்களுக்கு ஏன் என்று புரியும். வெளிர் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று அலமாரியின் அடியில் மடித்தபடியே கிடந்தது. யாரும் போடுவதாகத் தெரியவில்லை. அதில் ஏற்கெனவே ஒரு மார்புப் பாக்கெட் வேறு இருந்தது. தைக்கிற வேலை ஒன்று மிச்சம்.

ஜீன்ஸ் தைத்துப் பார்த்தவர்களுக்குக் காலின் உள்பக்கத் தையல் தெரியும். இரண்டு துணியின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, அந்த இடத்தில் மட்டும் நாலு மடிப்பாக இருக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் அந்த மேடு ஒரே இடத்தில் வந்தால் எட்டு மடிப்பு. அதன் மேல் லைனிங், விறைப்புக்குக் கொடுக்கும் பக்ரம். சாதாரணமாக ரவிக்கை தைக்கும் ஊசி அங்கே பாதி வழியில் நின்று முறிந்துவிடும். 16ஆம் நம்பர் ஊசி போட்டுக்கொண்டேன். தையல் நீளத்தையும் 3.5 மில்லிமீட்டருக்குக் கூட்டினேன். கனத் துணியில் பொடித் தையல் போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்காது, பிரிக்க நேர்ந்தாலும் உயிர் போகும்.

அப்படியும் மேட்டில் ஏறும்போது மெஷின் முனகியது. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் அங்கே முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்; அதற்குப் பின்னால் ஒரு துணித் துண்டை மடித்து வைத்தால் சமமாகிவிடும். அதைவிட நல்ல வழி, தைக்கும் முன்பே அந்த மேட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிவிடுவது. நான் தரையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து அத்தை எழுந்து வந்தார். சுத்தியலைப் பார்த்தார், ஜீன்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் கண்ணாடிக் கூட்டை என் பையிலேயே வச்சுக்கிறேம்மா" என்றார்.

"பரவாயில்லை அத்தை, முடியப் போகுது."

முடியவில்லை. ஜிப் பாக்கி இருந்தது.

ஜிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விட்கோம்ப் ஜட்சன் என்பவர் 1893இல் முதல் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது சரியாகவே மாட்டாது, மாட்டினாலும் பிய்த்துக்கொள்ளும். கிடியன் சண்ட்பேக் என்ற பொறியாளர் அதை மாற்றி மாற்றிச் செய்து 1913இல் ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். காப்புரிமை கிடைத்தபோது 1917. அதைக் கண்டுபிடிப்பதற்கே இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்போது, அதைப் பையில் வைத்துத் தைக்க எனக்கு ஒரு ராத்திரி பிடித்ததில் என்ன குற்றம்? "இன்னும் தூங்கலையா?" என்று கேட்ட கணவரிடம் இந்த வரலாற்றைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் பையை வெளியே திருப்பும் கட்டம். முழுப் பையையும் லைனிங்கோடு சேர்த்து உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்துவிட்டு, லைனிங்கின் அடியில் விட்ட 12 சென்டிமீட்டர் சந்து வழியாக மொத்தத்தையும் இழுத்து வெளியே எடுக்க வேண்டும். ஜிப்பைப் பாதி திறந்து வைத்த பிறகுதான் கடைசித் தையலைப் போட வேண்டும். மூடிவைத்துத் தைத்தால் பை உள்ளேயே குடித்தனம் நடத்தும். மகளுக்கு இந்தக் கட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை நான் இழுக்க, கடைசியில் பக்ரம் போட்ட பின்பக்கம் 'டப்' என்று வெளியே வந்து விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்த கணவர் பையைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார்.

"இது என் சட்டை மாதிரி இருக்கே."

"உங்க பாக்கெட்தான் அது" என்றேன். "நீங்க கேட்காமலேயே வச்சேன்."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அதில் பேனாவைச் செருகிப் பார்த்தார். சரியாக இருந்தது. சமாதானம் ஆகிவிட்டார்.

வாருக்கு 3.8 சென்டிமீட்டர் அகல நாடா. மெலிந்த வார் அழகாகத்தான் இருக்கும், கனம் ஏறியதும் தோளை அறுக்கும். அளவு மாற்றும் கொக்கியில் நாடாவைக் கோப்பதுதான் ஒரே குழப்பம். ஒரு முனையைக் கொக்கியின் நடுக் கம்பியைச் சுற்றித் தைத்துவிட வேண்டும். மறு முனை பையின் வளையத்துக்குள் போய், திரும்பி வந்து, மறுபடியும் அதே கொக்கிக்குள் நுழைந்து, அப்புறம்தான் எதிர்ப் பக்க வளையத்துக்குப் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் வார் நீளவும் செய்யாது, குறையவும் செய்யாது. முனைகளில் சதுரமாகத் தைத்து நடுவே குறுக்குக் கோடும் போட்டேன். அப்படிப் போட்டால் இழுவை ஒரே வரியில் விழாது, பிரியாது.

விமான நிலையத்தில் பை எக்ஸ்ரேக்குள் போனது. போனதோடு சரி, பெல்ட் நின்றுவிட்டது. அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையங்கள், கொக்கி, ஜீன்ஸின் செப்பு ரிவெட்டுகள், மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு, பவர் பேங்க், அதிலிருந்து சுருண்டு வெளியே வந்த கேபிள். "திறங்க" என்றார். ஒவ்வொரு பாக்கெட்டாகத் திறந்து மேஜையில் பரப்பினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல உங்களோடது எதும்மா?"

நானும் தேடினேன். கைக்குட்டை ஒன்று அகப்பட்டது.

விமானத்தில் எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்மணி என் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இந்தப் பக்கமிருந்து கணவர் சொன்னார்: "வாங்கலைங்க. நாங்களே தைச்சோம்."

"அப்படியா! பின்னால விறைப்பா நிக்குதே, பக்ரம் கொடுத்திருக்கீங்களா?"

"ஆமாங்க, கொடுத்திருக்கோம்" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"இவ்வளவு கனத்துல எந்த நம்பர் ஊசி போட்டீங்க?"

கணவருக்கு அந்த நொடியே தூக்கம் வந்துவிட்டது. "பதினாறு" என்று நான்தான் சொன்னேன்.