மரத்தைச் சுரண்டி, வாயைச் சுரண்டி

ஆராய்ச்சித் துறையை நடுவழியில் மாற்றலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் மாற்றினேன். லைக்கனில் பிஎச்.டி., அப்புறம் மனித மக்கள்தொகை மரபியல், அதாவது மக்கள் கூட்டங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் துறை. சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். அப்பாவுக்குப் பால்வெட்டு வேலை. கத்தி படாத பட்டையில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருக்கும். அவற்றின்மேல் யாரோ மையால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள். அப்பா அதை மரத்துக்கு வந்த தேமல் என்பார். கல்லூரிக்குப் போன பிறகுதான் அது கிராஃபிஸ் என்ற லைக்கன் என்று தெரிந்தது. எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர் லைக்கன். பிரியாணியில் போடுகிற கல்பாசியும் இந்தக் கூட்டம்தான்.

மலைக்குள் போக அனுமதி கைக்கு வர ஏழு மாதம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதால் காய்ந்த நாட்கள் குறைவு. காளிகேசத்திலும் கோதையாற்றிலும் அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலத்தோடு திரிந்தேன். உளியால் பெயர்த்த லைக்கனைக் காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் என்றால் பூசணம் பிடித்துவிடும். ஆய்வகத்தில், எந்த இனம் என்று அறிய, பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு, பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு. சாம்பல் நிறத் துணுக்கு கண்ணெதிரே மஞ்சளாகி, மெல்ல ரத்தச் சிவப்பாகும். அந்த அரை நிமிடத்துக்காகவே இந்தத் துறையில் இருந்துவிடலாம் என்று தோன்றிய நாட்கள் உண்டு.

டிஎன்ஏ எடுக்கத் தொடங்கியதும் அந்தச் சந்தோஷம் போயிற்று. நிறம் காட்டிய அதே லைக்கன் அமிலங்கள், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரைக் கெடுத்தன. பூஞ்சையின் டிஎன்ஏவோடு பாசியினுடையதும் சேர்ந்தே வரும். ஆறு மாதம், டிஎன்ஏ கோடு எதுவும் விழாத வெறும் ஜெல்லைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரே பாறையில் எடுத்த முப்பது மாதிரிகளுக்கு முடிவு வந்தது: முப்பதும் ஒன்றுபோலவே இருந்தன. பல லைக்கன்கள் மாவு மாதிரி துகளை உதிர்க்கும். அது பக்கத்திலேயே ஒட்டித் தாயின் நகலாகவே வளரும். ஆய்வு வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "ஒருத்தியையே முப்பது தடவை எண்ணியிருக்கியேம்மா" என்றார். அன்று அழுகைதான் வந்தது. எது தனி ஆள், எது பக்கத்து வீட்டின் நகல் என்ற கேள்வி அப்போது தொற்றிக்கொண்டது.

அந்தக் கேள்வியோடுதான் 2009இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்த டேவிட் ரைக், தங்கராஜ் குழுவின் இந்திய மக்கள் வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். பின்னால் 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81, அதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களைவிடவும் ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்களைவிடவும் கடுமையாக ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகியவை என்று இருந்தது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்க்காரிக்கு இது புரியாதா? கணக்கும் பழையதுதான். கார்ல் பியர்சன் 1901இல் தந்த, பல அளவுகளை ஒன்றிரண்டாகச் சுருக்கும் முதன்மைக் கூறு ஆய்வை வைத்துத்தான் பட்டையிலுள்ள லைக்கன் இனங்களைப் பிரித்துப் பார்த்திருந்தேன். மரபியலாளர் கவாலி-ஸ்ஃபோர்சாவின் குழு 1978இலேயே அதை மனித ஜீன்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டது. என் அட்டவணையில் மரங்கள் இருந்த வரிசைக்கு ஆட்கள் வந்தார்கள், அவ்வளவுதான்.

ஆட்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் வித்தியாசம். நெறிமுறைக் குழு என் ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. 'மரபணுசார் பன்முகத்தன்மை' என்றெல்லாம் எழுதியிருந்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதுல எதுக்குடீ ஒத்துக்கணும்?" என்று கேட்டாள். திரும்ப எழுதினேன்: உங்கள் எச்சிலை எடுப்போம், இன்னதற்கு மட்டும் பயன்படுத்துவோம், வேண்டாம் என்றால் எப்போதும் விலகலாம். மூன்றாம் முறை அனுமதி கிடைத்தது.

முதல் ஊர், லைக்கனுக்காக நான் முன்பே சுற்றிய மலையடிவாரக் குடியிருப்பு. ஒரு பெரியவர் அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்கு மரத்தச் சொரண்டினே. இன்னைக்கு எங்க வாயச் சொரண்ட வந்திருக்கியா பிள்ளே?" கூட்டம் சிரித்தது, எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் தேய்ப்பது ஒரு நிமிட வேலை. அதற்கு முன் மூன்று தலைமுறை உறவுமுறை கேட்டு எழுதுவதற்குத்தான் இரண்டு நாள். அக்கா தம்பி இருவரையும் எடுத்தால் பாறைக் கதைதான் திரும்பும். விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் மாமன் மச்சான்; வந்த அறுபது பேரில் இருபத்திரண்டு பேர்தான் தேறினார்கள்.

காலையிலிருந்து காத்திருந்த ஒரு பாட்டியிடம், உங்கள் தம்பியிடம் எடுத்துவிட்டோம், உங்களுடையது வேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துத் தயாராக இருந்தவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"அவன் எச்சிக்கு வந்த மவுசப் பாரு!"

அன்று கொடுத்த டீயையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.